ரயில் ரோட்டில் நட்ட இரும்புத் தூண்கள்

என் மாமாவின் சிவப்பு ஆட்டோவை ஆட்கள் தூக்கிக்கொண்டு போன காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஓடாத வண்டியல்ல அது. அன்று காலையில்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பியிருந்தது. மாமா சாப்பிட்டுவிட்டு வெளியே வருவதற்குள் பாதையின் இரண்டு வாயிலிலும் இரும்புத் தூண்களை நட்டு சிமெந்து ஊற்றிவிட்டார்கள். சிமெந்து காயும்வரை யாரும் தொடக்கூடாது என்றார்கள். வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது. மலையில் வேலை முடிந்து ஆட்கள் வந்ததும், எல்லோருமாகச் சேர்ந்து அதைக் கரையில் ஏற்றி, தேயிலைச் செடிகளுக்கு மேலாகத் தூக்கிப்பிடித்து, தூண்களைச் சுற்றிக்கொண்டு போய்த் தார் ரோட்டில் வைத்தார்கள். மாமா பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே வந்தார். "பொண்ணு மாப்பிள்ள ஊர்கோலம் மாதிரி இருக்குடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும் அந்தப் பாதையை நாங்கள் ரயில் ரோடு என்போம். வெள்ளைக்காரன் காலத்தில் அதில் ஒரு சின்ன ரயில் ஓடியதாம். எங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே அது நின்றுபோயிற்று. தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். விட்டுப்போன துண்டுகள் எங்கள் லயக் கூரைகளுக்கு விட்டமாயின. மிச்சமிருந்தது மலையை வெட்டிப் போட்ட ஏற்ற இறக்கமில்லாத தரை மட்டும்தான். ஏற்றமும் இறக்கமுமாகவே நடந்து பழகிய எங்களுக்கு அந்தச் சமதரை ஒரு வரம். பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். சாமி அதில்தான் ஊர்வலம் வந்தது. லீக்ஸ் மரக்கறி மூட்டையும் விறகுக் கட்டும் அதில்தான் போயின. அதை விட்டால் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதைதான். மழை பெய்தால் ஆட்டுக்குக்கூட அதில் கால் நிற்காது.

மாமா என் அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கடையில் வருஷக்கணக்காக நின்று உழைத்து அந்த ஆட்டோவோடு ஊருக்கு வந்தார். எங்கள் லயத்துக்கு வந்த முதல் வண்டி அதுதான். அதற்கு முன்பெல்லாம் நோயாளியைக் கம்பளியில் போட்டு, இரண்டு முனையிலும் ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். மாமாவின் வண்டி வந்த பிறகு கம்பளிகள் போர்த்திக்கொள்ள மட்டும் ஆயின. பிரசவத்துக்குப் போன பெண்களிடம் அவர் கூலி கேட்டதில்லை. திரும்பி வரும்போது பிள்ளைக்கு ஒரு ஹாரன் அடித்து லயத்துக்கே சேதி சொல்லுவார். ஆண் பிள்ளைக்கு ஒரு விதம், பெண் பிள்ளைக்கு ஒரு விதம். நான் லிந்துலையில் ஆசிரியர் வேலைக்குப் போன முதல் நாள், "வாத்தியார் நடந்து போகப்படாது மாப்ள" என்று என்னையும் அதில்தான் ஏற்றி பஸ் நிற்கும் சந்திவரை கொண்டுவந்து விட்டார்.

சைக்கிள் பாதை வரப்போகிறது என்ற பேச்சு முதலில் ஒரு வேடிக்கை போலத்தான் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து வந்து சைக்கிள் ஓட்டுவார்களாம். எங்கள் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர் யாருமில்லை. பிறகு ஒரு நாள் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கொழும்பிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர்தான், எங்கள் தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தார், தரையில் உட்கார்ந்திருந்த கிழவிகளைப் பார்த்துக் கும்பிட்டார். திரையில் படம் காட்டினார். அதில் எங்கள் ரயில் ரோடு இருந்தது. எங்கள் லயம் இல்லை. அதை யாரோ ஒருவர் சொன்னபோது, படம் வரைந்தவர் மறந்திருப்பார் என்று சிரித்தார்.

கேட்க வேண்டிய கேள்வியை அன்று அத்தைதான் கேட்டாள். கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் வழக்கமுள்ளவள் அல்ல அவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பாத போடுங்க, நல்லதுதான். எங்க வீட்டுக்காரரு ஆட்டோ அதுல போகலாமா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். தோட்டத் தலைவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே, "ஏக பஸ்ஸே பலமு" என்றார். அதைப் பிறகு பார்ப்போம் என்று அர்த்தம். தலைவர் அதைத் தமிழில், "அதெல்லாம் செஞ்சு குடுப்பாங்களாம்" என்றார். அத்தைக்குச் சிங்களம் தெரியும். "அப்புடிச் சொல்லலியே அவரு" என்றாள். மாமா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானே எழுந்தார். "நம்ம புள்ளைங்க கொழும்புல போய் அடுத்தவன் வாசல்ல நிக்கிறானுங்க. இங்கயே வேல வருதுங்கிறாங்க. மறிக்காதீங்க. இந்த ரோட்ட என்னையவிட நல்லா யாருக்குத் தெரியும்? நான் சொல்றேன், வரட்டும்" என்றார். பிள்ளைகளைச் சுமந்த மனிதர் சொன்னார் என்பதற்காகத்தான் எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

வேலை ஆரம்பித்தபோது கரையோரத்து மரக்கறிப் பாத்திகள்தான் முதலில் போயின. அத்தையின் லீக்ஸ் பாத்தி பிடுங்கும் பருவத்தில் இருந்தது. ஒரு கிழமை தவணை கேட்டாள். கொடுக்கவில்லை. ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கான்களைக் கட்டி, சரளைக் கல் போட்டு, உருளையால் அழுத்தி, அங்கங்கே உட்கார மர வாங்குகள் வைத்தார்கள். பாதை அழகாகத்தான் இருந்தது. அதை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு தூண்கள் வந்தன. சைக்கிள்காரர்களை வண்டி ஏதும் மோதிவிடக்கூடாது என்பதற்காகவாம். நடுத்தூண் மட்டும் பூட்டுப் போட்டது. அவசரத்துக்குக் கழற்றலாம் என்றார்கள். சாவி நுவரெலியா டவுனில் இருந்த, பாதைக்குப் பொறுப்பான சுப்பவைசரிடம் இருந்தது.

மாமா கொஞ்ச நாள் ஆட்டோவைச் சந்தியில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தார். சந்தியில் ஏற்கெனவே நின்ற வண்டிக்காரர்கள் அவரை வரிசையில் சேர்க்கவில்லை. கடைசியில் வண்டியை விற்றார். அந்த இளம் அதிகாரி அதைக் கேள்விப்பட்டு உண்மையாகவே வருத்தப்பட்டு, பாதையிலேயே ஒரு காவல் வேலை போட்டுக் கொடுத்தார். பச்சைச் சட்டை, தொப்பி, ஒரு விசில். விறகுக் கட்டோடு யாரும் வரக்கூடாது, ஆடு மாடு வரக்கூடாது, பிள்ளைகள் குறுக்கே ஓடக்கூடாது. வந்தால் ஊத வேண்டும். பிறந்தபோது தான் ஹாரன் அடித்துச் சேதி சொன்ன பிள்ளைகளைப் பார்த்து மாமா விசில் ஊதினார். லயத்து ஆட்கள் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் அவருக்குப் பக்கத்து இலை காலியாகக் கிடந்ததை நானே பார்த்தேன்.

ஒரு நாள் அத்தை வேண்டுமென்றே தலையில் விறகோடு அந்தப் பாதையில் வந்தாள். நான் அப்போது மாமாவோடு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "ஊதுங்க. அடுத்தவன் பொண்டாட்டிக்கு ஊதுறீங்கல்ல, எனக்கும் ஊதுங்க" என்றாள். மாமா முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு விறகோடு போனாள். "அவளுக்குப் புரியாது மாப்ள, சம்பளம் வாங்குறோம்ல" என்றார் மாமா. குரலில் பிடிப்பில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலைநேரம் அத்தைக்கு நெஞ்சுவலி வந்தது. மாமா பாதையின் வாயிலில் வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அவருக்கும் ஆம்புலன்சுக்கும் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. தூணுக்கு முன்னால் வந்து நின்றது. மாமா சுப்பவைசரை அழைத்தார். "வந்துகொண்டிருக்கிறேன், உடைத்துவிடாதே, உன் பொறுப்பு" என்று பதில் வந்தது. வைத்தியசாலை ஆட்கள் தூக்குப் படுக்கையை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தார்கள். வளைவுக்கு வளைவு நீளும் பாதை அது. ஆண்கள் எல்லாம் மலையில் வேலைக்குப் போயிருந்ததால், லயத்தில் இருந்த பெண்களே அத்தையைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருந்தார்கள். நடுவழியில் இரண்டு கூட்டமும் சந்தித்தன. மாமா தூணுக்குப் பக்கத்திலேயே நின்றார். சாவி வரும் என்று நின்றார். சாவிக்கு முன்னால் அத்தை வந்து சேர்ந்தாள்.

வைத்தியசாலையில் டொக்டர் எங்களைத் திட்டவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. வலி எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டார். வெளியே வந்த பிறகு, மழைக்கு ஒதுங்கி நின்றபோது, மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒடச்சிருக்கணும் மாப்ள. கல்லு காலடியிலதான் கெடந்துச்சு" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அத்தையை எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பாதையில் சைக்கிள் போட்டி வைத்திருந்தார்கள். எங்கள் மயானம், மலையைப் பிளந்து பாதை போகும் வெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரயில் ரோட்டைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. சுப்பவைசர் மலர்வளையத்தோடு வந்தார். அதை வைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் பிந்தி எடுக்க முடியுமா என்று கேட்டார். வாலிபர்கள் கொதித்தார்கள். தோட்டத் தலைவர், "ஒரு மணித்தியாலந்தானே, கோவப்படாதீங்க" என்று அடக்கினார். மாமா பெட்டியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் காத்திருந்தோம். இறந்தவளையும் வைத்துக்கொண்டு, சைக்கிள் போகட்டும் என்று காத்திருந்தோம்.

ஒரு மணித்தியாலம் கழிந்ததும் தப்பு அடித்துக்கொண்டு கிளம்பினோம். போட்டி முடியவில்லை. பின்தங்கியவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். வெட்டுக்குக் கிட்டப் போனபோது, பச்சைச் சட்டைக்காரப் பையன் ஒருவன் முன்னால் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து மறித்தான். பெட்டிக்குத் தோள் கொடுத்திருந்தவர்களில் நானும் ஒருவன். சொல்லக் கூசுகிறது, கையைக் கண்டதும் எங்கள் கால்கள் தாமாகவே ஓரத்துக்குப் போயின. இத்தனை மாதப் பழக்கம். பெட்டியை இறக்கக் குனிந்தோம். அப்போதுதான் மாமா வாய் திறந்தார். "எறக்காதீங்க" என்றார். "அவள எறக்காதீங்க. நடங்க." அவர் முன்னால் போய்ப் பாதையின் நட்டநடுவில் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். தப்படித்தவர்கள் ஓங்கி அடித்தார்கள். வளைவில் திரும்பிய சைக்கிள்காரர்கள் எங்களைக் கண்டு பிரேக் பிடித்தார்கள். அநேகம் பேர் இறங்கித் தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் மட்டும் சறுக்கிக் கானுக்குள் விழுந்தார். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. எழுந்து நின்று, ஒன்றுமில்லை என்று சைகை காட்டினார்.

நாங்கள் அவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பின்னால் ஒரு வாகனத்தின் ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். போட்டிக்காக ஏற்பாடு செய்திருந்த முதலுதவி வேன். நடுத்தூணைக் கழற்றிவிட்டு, அந்தச் சரளைப் பாதையில் வழுக்கிக்கொண்டு நேராக வந்தது. சுப்பவைசர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சாவி அன்று அவர் கையிலேயே இருந்திருக்கிறது. வேன் வந்து நின்று, முழங்காலுக்குக் கட்டுப் போட்டு, அந்த ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது. மாமா நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் அழாதவர் அப்போது அழுதார். தோளில் அத்தையின் பாரத்தோடு நாங்களும் நின்றுகொண்டிருந்தோம். யாராலும் அவரைக் கூப்பிட முடியவில்லை.

போட்டியைக் குழப்பினார் என்று சொல்லி மாமாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொழும்புப் பக்கம் வேலை பார்க்கும் அவருடைய மகன் வந்து வத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சாவியின் ஒரு பிரதியைத் தோட்டத்தில் வைக்க வேண்டும் என்று நாங்கள் பல முறை கேட்டோம். கேட்கும்போதெல்லாம் பார்ப்போம் என்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்போது விசிலுக்குப் பயந்து, வழுக்கும் குறுக்குப் பாதையில் இறங்குகிறார்கள். மேலே பாதை துப்புரவாக இருக்கிறது. வாங்குகளுக்குப் புதிதாக வர்ணம் அடித்திருக்கிறார்கள். கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, 'இந்த மக்களின் பாதைக்கு வரவேற்கிறோம்' என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் எங்கள் தோட்டத்துக்காரி அல்ல.

இந்த வருஷம் அம்மன் திருவிழாவுக்கு வரச் சொல்லி மாமாவுக்குப் போன் செய்தேன். எல்லோரும் உங்களைக் கேட்கிறார்கள், இப்போது யாருக்கும் கோபமில்லை என்றேன். அது உண்மையும்தான். மாமா சாதாரணமாகப் பேசுவது போலவே சொன்னார்:

"அந்த ரோட்டுல வாறதுக்கு எங்கிட்ட சைக்கிளும் இல்ல மாப்ள. நான் இன்னும் சாகவும் இல்ல."