எட்டாவது படித்தவள் பாடிய ஓபரா

பனியன் கம்பெனியில் என்னோடு துணியில் நூல் பிசிறு வெட்டும் செல்விதான் ஓபரா பயிற்சிக்கு அழைத்துப் போனாள். மைக் இல்லாமல் பாடியே நடிக்கும் வெளிநாட்டு நாடகமாம்.

பாட்டுத் தாளை நீட்டி, "படிங்கம்மா" என்றார் பயிற்சி கொடுத்த பெண். எட்டாவது படித்தவள் என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் எழுத்துக் கூட்டவே திணறுவேன்.

"எனக்குப் படிக்க வராதுங்க."

"தமிழ் எழுத்துல இருந்தாலும் இது இத்தாலி பாஷைங்கம்மா. படிச்சவங்களுக்கே வாய் குழறுது. நான் பாடறதைக் கேட்டுப் பாடுங்க."

சோமனூரில் தறிச் சத்தத்துக்கு மேல் பேசி வளர்ந்தவள் நான். நான் பாடியது மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது; பயிற்சிக்கு வந்தவர்கள் கடைசி வரிசையிலிருந்தும் கைதட்டினார்கள்.

"எட்டாவதுன்னு சொன்னது பொய்யி கண்ணு" என்றேன் செல்வியிடம்.

"தெரியுமுங்க பெரியம்மா. தினமும் பஸ் போர்டை நான்தானுங்களே படிச்சுச் சொல்றேன்!"

என் மானத்தை இத்தனை நாளும் அவள்தான் காப்பாற்றி வந்திருக்கிறாள்.