மத்தியாஸ் நம்பாத பேச்சு

ஆனைக்கரையில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்பு பார்ப்பவர் மத்தியாஸ். ஐம்பதைத் தாண்டியும் மூட்டை தூக்குகிறார், மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறுகிறார். "அந்தோணியார் காப்பாத்தின ஆளாச்சே" என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் சுருங்கி, பேச்சை மாற்றிவிடுவார்.

மூன்று வருடம் முன்பு வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனார். வலிக்குக் காரணம் வேறு. ஆனால் அந்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. கோட்டயத்து டாக்டர் அவரையும் மனைவி சிசிலியையும் உட்காரவைத்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"இந்த மாதிரி கட்டி பெரும்பாலும் கேன்சராத்தான் இருக்கும். அபூர்வமா சிலருக்குக் கெடுதல் செய்யாத கட்டியாவும் இருக்கும். ஸ்கேன்ல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும். ஊசி குத்திப் பார்த்தாலும் சில நேரம் உறுதியாகாது. எடுத்துப் பரிசோதிச்சாத்தான் தெரியும். பயப்படாதீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? ஆனால் மத்தியாஸின் அண்ணன் வயிற்றில் கேன்சரோடு கிடந்தபோது, "வெறும் அல்சர்தாண்ணே, பயப்படாத" என்று கடைசிவரை சொன்னவர் இவர்தான். குடும்பமே கூடிச் சொன்ன பொய் அது. அண்ணன் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அதனால் 'பயப்படாதீங்க' என்றால் என்ன அர்த்தம் என்று மத்தியாஸுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"என் கத முடிஞ்சுபோச்சு சிசிலி," என்றார் திரும்பி வரும் பஸ்ஸில். "நான் இருக்கையிலயே பாப்பா கல்யாணத்தப் பாத்துரணும்."

பாப்பா என்றால் ஜீவிதா, ஒரே மகள். தேனியில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டு ஓடிவந்தவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்கோசைட்டோமான்னு ஒரு கட்டி இருக்குப்பா. கிளாஸ்ல படிச்சோம். அது ஆளக் கொல்லாது. உங்களுக்கும் அதுவா இருக்கலாம். ஆபரேஷன் முடிஞ்சு ரிசல்ட் வரட்டும். அப்புறம் நீங்க சொல்ற ஆளக் கட்டிக்கிறேன்."

மகளும் பொய் சொல்லித் தேற்றப் பழகிவிட்டாள் என்று நினைத்து மத்தியாஸ் விம்மி விம்மி அழுதார். அப்பா அப்படி அழுதால் எந்த மகள் தாங்குவாள்? சரி என்று தலையாட்டிவிட்டாள்.

மறையூரில் ஜீப் ஓட்டும் பினு நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டுக் கல்யாணத்தை நடத்தினார்கள். 'படிப்ப அப்புறம் முடிக்கட்டுமே' என்றது மாப்பிள்ளை வீடு. எந்த வீட்டில்தான் அப்படிச் சொல்லவில்லை? அந்த 'அப்புறம்' வருவதற்குள் ஜீவிதா உண்டாகிவிட்டாள்.

கல்யாணம் முடிந்த கையோடு ஆபரேஷன். சிறுநீரகத்தை விட்டுவைத்து, கட்டி இருந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று டாக்டருக்கு வாயெல்லாம் சிரிப்பு. மகள் சொன்ன அதே பெயரைச் சொன்னார். கேன்சர் இல்லை, மருந்து மாத்திரை வேண்டாம், வருடம் ஒரு ஸ்கேன் போதும் என்றார். சிசிலி அங்கேயே முழங்கால் போட்டு ஜெபம் சொன்னாள்.

"அப்ப பாப்பா படிப்பு?" என்று கேட்டார் மத்தியாஸ். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

போன மாதம் ஸ்கேனுக்கு ஜீவிதாதான் இடுப்பில் குழந்தையோடு கூட வந்தாள். வராந்தாவில் காத்திருந்தபோது நர்சிங் மாணவிகள் கலகலவென்று பேசியபடி கடந்து போனார்கள். அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"என்னைய மன்னிச்சுரு தாயி. செத்துருவேன்னு நெனச்சுட்டேன்."

"நெனச்சது தப்பில்லப்பா." குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "டாக்டரும் உண்மையத்தான் சொன்னாரு, நானும் உண்மையத்தான் சொன்னேன். எங்கள்ல ஒருத்தரையாவது நீங்க நம்பியிருக்கலாம்."

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல மத்தியாஸ், இன்னும் ரொம்ப வருஷம் நல்லா இருப்பீங்க," என்றார்.

இந்தத் தடவை மத்தியாஸ் அதை அப்படியே நம்பினார். அத்தனை வருடமும் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.