ஞாயிற்றுக்கிழமை முட்டைகள்

இரண்டு கைகள் பிளாஸ்டிக் பெட்டியின் நடுத்தடுப்பை மெல்ல உருவின. ஒரு பக்கம் ஆண் மீன், மறுபக்கம் பெண். உடம்பெல்லாம் நீலக் கோடு போட்ட ஜீப்ரா மீன்கள், விரல் நீளம்கூட இல்லை. காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் துரத்திப் பிடித்து முட்டையிடும். இட்டதைத் தாமே தின்றுவிடும் என்பதால் உள்ளே ஒரு வலைத்தட்டு. முட்டை அதன் வழியாகக் கீழே விழுந்துவிடும். சற்று நேரம் கழித்து அதே கைகள் அடித்தண்ணீரை டீ வடிகட்டியில் ஊற்றின. கழிவு மட்டுமே தங்கியது.

"இன்னிக்கும் இல்லையா?" என்றான் ஆசிம்.

ஜானிஸ் வடிகட்டியைக் காட்டினாள். காப்பாரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து மருத்துவ உயிரியலில் முதுகலை ஆராய்ச்சி செய்பவள். ஆய்வகத்து மீன்கள் அவள் பொறுப்பு. வளர்ப்பைத் தானே செய்து பார்த்துக் கற்றவள். ஆசிம், ஒரு மூலிகைச் சாறு மீன் முட்டைக்குள் வளரும் கருவைப் பாதிக்கிறதா என்று பார்க்கிறான். இந்த மாதத்தோடு அவன் காலக்கெடு முடிகிறது. முட்டை இல்லையென்றால் ஆய்வேடு இல்லை.

"ஞாயித்துக்கிழம மட்டும் போடுது. உன் மீனுக்கு ரொம்ப பக்தி லா."

சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். சனிக்கிழமை மாலை அவள் அம்மாவோடு தேவாலயத்துக்குப் பூசைக்குப் போய்விடுவாள். மற்ற நாள்களில் விளக்கு அணைந்ததும், தடுப்பு நகர்ந்திருக்கிறதா, மீன் துள்ளி விழுந்திருக்கிறதா என்று டார்ச் லைட் அடித்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

"ராத்திரி நான் டார்ச் அடிச்சுப் பாக்கறதுதான் காரணமோ?"

"அப்ப பாக்காத. முடிஞ்சுது."

"நிச்சயமா தெரிய வேணாமா? பாதிப் பெட்டிய கறுப்புப் பையால மூடறேன். மீதிக்கு டார்ச் அடிக்கறேன்."

"ஏய், இது என் தீசிஸ். வெளாட்டா?"

"பாதி வந்தாலே உனக்குப் போதும். வரலன்னா காரணம் வேற. எல்லாத்தையும் மூடினாலும் வராது."

ஆசிம் மீன்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "பை நான் வாங்கிட்டு வரேன். உன்ன நம்பினா சின்ன சைஸா வாங்குவ."

மறுநாள் காலை டார்ச் அடித்த வரிசையை முதலில் வடித்தாள். ஒன்றுமில்லை. மூடியிருந்த முதல் பெட்டியை வடித்தபோது வடிகட்டியில் ஊசிமுனைப் பனித்துளிகள்போல முட்டைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. அடுத்த பெட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"போதும், குடு."

"இரு. கெட்டது வெள்ளையா இருக்கும், பொறுக்கி எடுக்கணும்."

நுண்ணோக்கியின் அடியில் ஒன்றுவிடாமல் பார்த்தாள். ஒன்று, கண்ணெதிரே, இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. "ஆசிம், வந்து பாரேன்." அவனும் குனிந்து பார்த்தான்.

பிறகு முட்டைகள் இருந்த கண்ணாடித் தட்டை மூடி, தண்ணீர் தளும்பாமல் அவன் கையில் வைத்தாள்.