பத்தில் ஒன்றைத் தொட்டால் போதும்

சாந்தாமணி கிரைண்டரைப் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். கரண்டு கசிந்தால் உள்ளங்கை மடங்கி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். புறங்கை உதறி விலகிவிடும். உக்கடத்தில் அமீர் ஹம்சாவின் மோட்டார் கடையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிய வருஷங்களில் அவளுக்கு வந்த பழக்கம் அது. டெஸ்டர் வைத்துப் பார்த்தால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு, "டெஸ்டரா மாவு வழிக்கப் போகுது? கைதானுங்க வழிக்குது" என்பாள்.

கருமத்தம்பட்டிப் பக்கம் பெரியதோட்டத்தில் களை எடுத்த மாசாணியம்மாளின் மகள் அவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. பஸ் ஏறிக் கோயமுத்தூர் வந்து, கடைகளில் கூலிக்கு நின்று, லேத் வேலைக்காரர் திருமலைசாமியைக் கட்டிக்கொண்டு, கணபதியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டாள். சமையல் மேடையில் வைக்கிற சின்ன கிரைண்டர் அப்போதுதான் வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருந்தது. கல்லும் டிரம்மும் வெளியே வாங்குவாள். மோட்டார் அமீர் ஹம்சாவிடம். பூட்டுவதற்குப் பொற்கொடி என்ற பெண்ணை வைத்திருந்தாள்.

ஒவ்வொரு மிசினும் வெளியே போகுமுன் அதில் அரிசி ஆட்டுவாள். கொட்டகையின் சிமென்ட் தரையில் தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மாவு வெண்ணெயாக வரும்வரை ஓட விடுவாள். ஓட ஓட மிசின் அதிரும். எங்காவது ஒயர் உரசுகிறது என்றால் அந்த அதிர்வில்தான் தெரியும். நடுநடுவே புறங்கையை டிரம்மில் வைத்து எடுப்பாள். ஆட்டிய மாவு தெருவுக்குப் போகும். அந்தத் தெருவில் யாரும் சொந்தமாக மாவாட்டியதில்லை என்று திருமலைசாமி கேலி செய்வார்.

"ஏனுங்க்கா, பொண்ணு பாக்க வந்த மாமியா மாதிரி ஒவ்வொண்ணையும் தடவிக்கிட்டு நிக்கறீங்க. இப்பிடிச் செஞ்சா எப்பங்க்கா பெரிய கம்பெனி ஆகறது?" என்பாள் பொற்கொடி.

சாந்தாமணிக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆனி மாதம். ஆர்.எஸ்.புரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த சீனிவாசலு, பீளமேட்டில் ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்த சிறுதொழில் மாநாட்டுக்கு அவளையும் கூட்டிப்போனார். "நாலு பெரிய மனுசங்க என்ன பேசறாங்கன்னு கேளும்மா. கொட்டாய்க்குள்ளயே ஒக்காந்திருந்தா ஒலகம் தெரியுமா?"

வாசலில் சணல் பையும் பேனாவும் கொடுத்து, பெயர் எழுதிய அட்டையைச் சேலையில் குத்திவிட்டார்கள். 'திருமதி சாந்தாமணி, தொழில் முனைவோர்' என்றிருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மேடையில் பேசியவர் நரைத்த தலைக்காரர், பெங்களூரில் பெரிய தொழிற்சாலை நடத்தியவர். குரலை உயர்த்தாமல், திரையில் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பேசினார். உள்ளே வருகிற சாமான்களை எப்படிச் சோதிப்பது, ஒன்று தீர்ந்தால் அதற்குப் பதிலாக வேறொன்றை யாரும் இஷ்டத்துக்குப் போடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு பெரிய படம் வெகுநேரம் திரையில் நின்றது. அந்த நேரம் முழுக்கச் சீனிவாசலு அவள் காதோரம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"ஆவணியில முகூர்த்தம் நெருக்கி வருது. அத்தனை கல்யாணத்துக்கும் சீர் சாமான் எங்கடையிலதான் எடுப்பாங்க. உன்னால குடுக்க முடியுமா, முடியாதா? இப்பவே சொல்லு. இல்லாட்டி ராஜ்கோட் மிசின எறக்கிருவேன்."

"குடுத்தர்லாமுங்க" என்றாள், எப்படிக் கொடுப்பது என்று தெரியாமலே.

அவள் நிமிர்ந்தபோது படம் மாறிவிட்டிருந்தது. பெரியவர் சொன்னார்: "உங்க ரெண்டு கை தொட்டாத்தான் சரக்கு வெளிய போகும்னா, உங்க கம்பெனிக்கும் ரெண்டு கைதான். பத்துல ஒண்ணை எடுத்து நல்லாச் சோதிங்க. மிச்ச ஒன்பதையும் உங்க வேலைமுறை பாத்துக்கும்." மண்டபம் கைதட்டியது. சாந்தாமணியும் தட்டினாள். தன்னிடம் என்ன கேட்டார்களோ அதற்கான விடை அந்த நிமிஷமே மேடையிலிருந்து வந்ததுபோல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். மிச்ச ஒன்பதில் ஒன்று கெட்டிருந்தால்? கேள்வி தொண்டைவரை வந்தது. பெரிய மனிதர் சொல்லி முடித்த பேச்சில் குறுக்கே கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவள் அவள். பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பத்துக்கு ஒன்று. கொட்டகையில் மிசின்கள் வரிசையாக ஏறின. பொற்கொடிக்குக் கை ஓயவில்லை. தெருப் பெண்கள் பாத்திரத்தோடு வந்து பார்த்துவிட்டு, "என்னுங்க, இன்னைக்கும் மாவு இல்லீங்களா?" என்று திரும்பிப் போனார்கள். ஒரு நாள் பெருக்கும்போது சாந்தாமணி தரையைக் கவனித்தாள். கொட்டகை போட்ட நாளிலிருந்து காயாத அந்த சிமென்ட் தரை வெளுத்துக் காய்ந்து கிடந்தது. என்னவோபோல் இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைச் சும்மா தெளித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

ஆவணி பாதியில், சீனிவாசலு கடையில் சாமான் இறக்கும் சின்னான் ஒரு கிரைண்டரை வண்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"மொதலாளி சிரிக்கறாருங்க. உங்க மிசினுக்குள்ள எறும்பு இருக்குதாம். தொட்டாக் கடிக்குதாம்."

சாந்தாமணி சிரிக்கவில்லை. மிசினைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினாள். ஒயர் மிசினுக்குள் நுழையும் ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கவேண்டும். தகர விளிம்பு ஒயரை அறுக்காமல் இருக்க அதுதான் காவல். வளையத்தைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் கிழிந்து, அதனடியில் மயிரிழை போலத் தாமிரம் மின்னியது.

"பொற்கொடி, இது என்ன கண்ணு?"

"வளையம் தீந்துபோச்சுங்க்கா. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. அவசரமின்னு டேப்பு சுத்திப் பூட்டிப்போட்டேன். மறுநா வளையம் வந்திருச்சு."

"எத்தனைக்குச் சுத்துன?"

பொற்கொடி விரலை மடக்கிப் பார்த்தாள். பிறகு கையை இறக்கினாள். "அந்த ஒரு நா பூட்டுனது எல்லாத்துக்குமுங்க்கா."

அந்த நாளின் சரக்கு முழுவதும் கடைக்குப் போய், கடையிலிருந்து வீடுகளுக்குப் போயிருந்தது. மூன்று முள் பிளக்தான் வைத்துக் கொடுத்திருந்தாள். ஆனால் பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் ஒயரே இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஈரத் தரை, வெறுங்கால், மாவு வழிக்கிற கை. அவள் அதற்குமேல் நினைக்கவில்லை. ரப்பர் வளையங்களையும் திருப்புளியையும் சணல் பைக்குள் போட்டுக்கொண்டு சின்னானோடு கிளம்பினாள்.

எந்த வீட்டில் எதை இறக்கினோம் என்று சின்னானுக்கு நினைவிருந்தது. வீடு வீடாகப் போனார்கள். சில வீட்டில் காபி கொடுத்தார்கள், சில வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் டேப் முழுதாக இருந்தது, இன்னொரு வீட்டில் பாதி அறுந்திருந்தது. கடைசியில் இரண்டு மிசின்கள் பாக்கி நின்றன. ஒன்றைப் புதிதாகக் கல்யாணமான மாதிரித் தெரிந்த ஒரு ஜோடி கையோடு ஆட்டோவில் வாங்கிப் போய்விட்டது. எந்த ஊர், என்ன பேர், யாரும் கேட்கவில்லை. மற்றொன்று ஒரு கல்யாணச் சீரில் டெம்போ ஏறி, மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தது.

"உங்க ஊர்ப்பக்கந்தாம்மா. பெரியதோட்டம்" என்றார் சீனிவாசலு. "போன் போட்டுப் பாத்தேன். மழைக்கு லைன் செத்துக் கெடக்குது. ஆனா பயப்படாத. சீர் வந்த மிசின நல்ல நாள் பாத்துத்தான் பிரிப்பாங்க. வர்ற வெள்ளிக்கெழமைன்னு சீர் எடுத்தன்னைக்குப் பேசிக்கிட்டாங்க."

அன்று வெள்ளிக்கிழமை.

கருமத்தம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்துப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அந்தப் பாதையில் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் உண்டு. இன்றைக்கு அதை நினைக்கவில்லை. ஆனாலும் வாசலுக்குள் நுழையும்போது செருப்பு தானாகக் கழன்று ஓரத்தில் கிடந்தது. சாணி தெளித்த வாசல் இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளே சமையலறையில் பெண்கள் சிரிக்கும் சத்தமும் அரிசி கழுவும் சத்தமும் கேட்டன.

"பண்ணாடிச்சிங்க!"

தோட்டத்து முதலாளியான பண்ணாடியின் வீட்டுக்காரம்மா கதவருகே வந்தார். "யாரு? மாசாணியம்மா புள்ளையா? நெம்ப நாளாச்சு அம்மணி. டவுன்ல நல்லா இருக்கறியா?"

"நல்லா இருக்கறனுங்க. சீர் வந்த கிரைண்டர இன்னைக்குப் போட வேண்டாமுங்க."

அந்தம்மாளின் முகம் மாறியது. "நல்ல நாளும் அதுவுமா, வாசல்ல வந்து நின்னுட்டு வேண்டாங்கறே?"

"கரண்டு கசியுமுங்க. நான் ஒரே ஒரு தடவ உள்ள வந்து தொட்டுப் பாத்தர்றனுங்க."

தொட்டு என்ற சொல் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே சிரிப்பு நின்றது. அந்தம்மாள் குரலை ஒரு பங்கு இனிப்பாக்கிக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் உனக்கு எதுக்குங் கண்ணு? அங்கியே நெழல்ல இரு. காபி தாரேன்."

சாந்தாமணி ஒரு கணம் தயங்கினாள். யார் கை செய்தது என்று சொன்னால் அந்த மிசினைக் குப்பையில் போடுவார்கள். சீனிவாசலு கடையில் அவள் சரக்கு அதோடு நின்றுபோகும். சொன்னாள். "அது நான் செஞ்ச மிசினுங்க."

அந்தம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "போடி! அது ஆர்.எஸ்.புரத்துல பெரிய கடையில எடுத்ததாக்கும்." பிறகு உள்ளே திரும்பி, "எழிலு, நேரம் போகுது. அரிசியப் போடு சாமி" என்றார்.

சுவிட்ச் தட்டும் சத்தம். கல் உருளத் தொடங்கிய சத்தம். சாந்தாமணிக்குத் தன் மிசினின் குரல் தெரியும். உள்ளே போக அவளுக்கு வழியில்லை. கத்தினால் காதில் வாங்க ஆளில்லை. திரும்பிப் பார்த்தாள். மீட்டர் பெட்டி வாசல் பக்கச் சுவரில், கூரை இறவாணத்துக்குக் கீழே இருந்தது. எட்டி, வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

கல் முனகி நின்றது. வீடே நின்றது.

"யார்றா கரண்ட நிறுத்துனது?" என்று பண்ணாடி துண்டை உதறிக்கொண்டு வந்தார். அவள் பீஸ் கட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"அடிச்சாலும் பரவால்லீங்க. அத வெளிய கொண்டாந்து வையுங்க. வாசல்லயே பாத்தர்லாமுங்க. ஒண்ணுமில்லீன்னா நான் போயர்றனுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். கிரைண்டர் அரிசியோடு வாசலுக்கு வந்தது. ஜன்னல் வழியே ஒயர் இழுத்தார்கள். பீஸ் கட்டையை மாட்டிவிட்டு, ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, புறங்கையை வைத்தாள். ஒன்றுமில்லை.

"சொன்னனல்லோ!" என்றார் அந்தம்மாள்.

"சித்த ஓடட்டுமுங்க."

கல் சுற்றியது. அரிசி நொறுங்கி மாவாகத் தொடங்கியது. மறுபடி வைத்தாள். ஒன்றுமில்லை. ஆட்களில் ஒருவன் தொண்டையைச் செருமினான். மூன்றாம் முறை வைத்தபோது அவள் கை தோளோடு உதறிப் பின்னால் போனது. அவள் இரண்டடி தள்ளி உட்கார்ந்துவிட்டாள்.

நிலைப்படியில் நின்ற புதுப்பெண் எழில் தன் கைகளைப் பார்த்தாள். முழங்கைவரை அரிசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ளே தொட்டப்ப எனக்கும் லேசா இழுத்துச்சுங்க அத்த. புது மிசினு அப்பிடித்தான் இருக்குமின்னு நெனச்சு, மறுக்காத் தொடப் போனேன். அப்பத்தான் கரண்டு போச்சு."

சாந்தாமணி எழுந்து, மிசினைக் கவிழ்த்து, வளையம் போட்டுக் கொடுத்தாள். பண்ணாடி அதை மறுபடி உள்ளே எடுக்க விடவில்லை. "எடுத்துட்டுப் போயிரு. ஊருக்குள்ள மூச்சு விடாதே. சீர் சாமான் திரும்பிப் போச்சுன்னா பேச்சாயிரும்" என்றார். அந்தம்மாள் காபியை அவளுக்கென்று தனியாக வைத்திருந்த தம்ளரில் கொண்டுவந்து தரையில் வைத்தார்.

அடுத்த வருஷமும் அதே மண்டபத்தில் மாநாடு நடந்தது. சாந்தாமணி தன் செலவில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அதே பெரியவர், அதே படங்கள். சாமான் சோதிக்கிற படத்தை இந்தத் தடவை முழுதாகக் கேட்டாள். கேள்வி நேரத்தில் எழுந்து நின்றாள்.

"பத்துல ஒண்ண நாம பாத்தர்றமுங்க. மிச்ச ஒன்பது யார் ஊட்டுக்குப் போச்சுன்னு தெரியாட்டி என்னுங்க பண்றது?"

அவர் சாமான் சோதிக்கிற படத்தைத் திரையில் திரும்பக் கொண்டுவந்தார். "முதல் பாதியைச் செய்யாம ரெண்டாம் பாதியைச் செய்யக்கூடாதும்மா" என்றார். "நான் அதைத் திருப்பி ஒரு தடவை சொல்லியிருக்கணும்."

கொட்டகைத் தரை இப்போது எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. வளையம் தீர்ந்தால் அன்றைக்கு வேலை நிறுத்தம். பொற்கொடி அவல் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். பெயரும் ஊரும் சொல்லாதவர்களுக்கு மிசின் கிடையாது. சீனிவாசலு ராஜ்கோட் மிசினை இறக்கிவிட்டார். சாந்தாமணியின் கம்பெனிக்கு இன்னும் இரண்டே கைதான்.

ஆட்டோவில் போன ஜோடியைச் சின்னானிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அவனுக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: அந்தப் பெண் மிசினைக் கீழே வைக்க விடாமல் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனாள்.

தெருவில் நடக்கும்போது ஏதாவது வீட்டுக்குள் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டால் சாந்தாமணி நின்றுவிடுகிறாள். சத்தம் நிற்கும்வரை நிற்கிறாள். நின்ற பிறகும் போவதில்லை. உள்ளே பாத்திரம் வைக்கும் ஓசை கேட்கவேண்டும். அது கேட்ட பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்கிறாள்.