எட்டாமிடத்துச் செவ்வாய்

என் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாமிடத்தில் உட்கார்ந்திருந்தது. கட்டினவன் உயிருக்கு ஆகாது என்றார் ஜோசியர். தரகர் கொண்டுவந்த வரன்களெல்லாம் ஜாதகப் பொருத்தம் பார்த்ததோடு நின்றுபோயின. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. இயற்பியலில் பட்டம் வாங்கியிருந்தேன். மேலே படிக்கக் கோயமுத்தூரில் இடமும் கிடைத்திருந்தது. ஆனால் தேர்வு முடிந்த நாளிலிருந்து சோமனூர் வீட்டு கேட்டைத் தாண்ட அம்மா விடவில்லை. தோஷக்காரப் பெண் பஸ் ஸ்டாப்பில் நின்றால் அதற்கும் ஒரு பேச்சு கிளம்புமாம். வீட்டை ஒட்டித் தறிக்கூடம். அந்தச் சத்தத்தில் நான் வாய்விட்டு அழுதாலும் அடுத்த அறைக்குக் கேட்காது. அழுதும் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம் கொஞ்சம் மூச்சுவிட்டேன். ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அந்த மாதத்தில்தான் செய்தித்தாளில் அது வந்தது. செவ்வாயிலிருந்து பெயர்ந்து பூமியில் விழுந்த ஒரு கல்லில், எப்போதோ அங்கே நுண்ணுயிர் இருந்ததற்கான தடயம் தெரிவதாக விஞ்ஞானிகள் சொல்லியிருந்தார்கள். உயிரை யாரும் பார்க்கவில்லை. அது விட்டுப்போன மிச்சம் மாதிரித் தெரிவதை வைத்து ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உயிரை எடுக்கும் என்று சொல்லி எந்தக் கிரகத்தைக் காட்டி என்னை அடைத்து வைத்தார்களோ, அங்கேயே உயிர் இருந்திருக்கலாமாம்.

ஆவணி பிறந்ததும் பல்லடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கோழிப்பண்ணைக்காரர், முதல் மனைவி இறந்துபோனவர். அவருக்கும் செவ்வாய் தோஷம். தோஷத்துக்குத் தோஷம் சரியாய்ப் போச்சு என்று வீடே மகிழ்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்.

"ஏனுங்கப்பா, செவ்வாயில உயிர் இருந்தா, அங்கிருக்கிற புள்ளைகளுக்கும் ஜாதகம் எழுதுவாங்கல்லங்க? அதுல நம்ம பூமி எத்தனையாமிடத்துல இருக்கும்? நம்மளாலயும் அங்க எத்தனை பேருக்குக் கல்யாணம் தட்டிப்போவுதோ."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. தறிகள் நின்றிருந்ததால் தறிக்காரர்கள் வரைக்கும் கேட்டுவிட்டது. அப்பாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"கிரகத்தைப் பத்தி இப்படியெல்லாம் பேசாதே கண்ணு. அதுதான் ஏற்கெனவே உன்னையப் புடிச்சு ஆட்டுதே."

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். "சாமிகிட்டப் பூக் கேட்டுப் பாத்துப்போடலாம். வெள்ளை வந்தாப் பல்லடம். செவப்பு வந்தா அம்மணி படிக்கட்டும். அப்பறம் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது."

எனக்குச் சாமி பக்தி அவ்வளவு கிடையாது. இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றதும் சரியென்று தலையாட்டினேன். அந்த வீட்டில் எனக்கு யாரும் அதுவரை பாதி வாய்ப்புக்கூடக் கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நானே ஒரு செவ்வரளியும் ஒரு நந்தியாவட்டையும் பறித்துக் கொடுத்தேன். அம்மா சமையலறையில் வைத்து, ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாக மடித்துக்கொண்டு வந்தார். கோயிலில் பூசாரி அவற்றைச் சாமி காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை அழைத்து ஒன்றை எடுக்கச் சொன்னார். சிவப்பு, சிவப்பு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நான் வாழ்நாளில் செவ்வாயிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

வெள்ளை வந்தது. இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கமில்லை என்று பூசாரி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, காபி போடச் சமையலறைக்குள் போனேன். சர்க்கரை டப்பாவை நகர்த்தியபோது பின்னால் என் செவ்வரளி கிடந்தது. லேசாக வாடியிருந்தது. நான் பறித்த அதே பூ, காம்போடு நான் கிள்ளியிருந்த இலையும் அப்படியே இருந்தது. பிரிக்காமல் போன பொட்டலத்தை நான் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைத்தார். "சாமியச் சிரமப்படுத்த வேண்டாம்னுதான் கண்ணு."

கூடத்தில் அப்பா பல்லடத்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். தறி ஓடிக்கொண்டிருந்ததால் கத்திக் கத்திப் பேசினார்.