பஞ்சு கடித்த அரை மணி நேரம்

என் மகளுக்குப் பதினோரு வயது. ரெட் சிண்ட்ரோம் என்ற அரிய நரம்பு வளர்ச்சிக் குறைபாடு. வந்துகொண்டிருந்த பேச்சு ஒன்றரை வயதில் நின்றுபோனது. கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருக்கும், எதையும் சுட்டிக்காட்டாது. ஆனால் நன்றாகப் பார்ப்பாள்.

அந்தப் பார்வையைப் பதிலாக்கும் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை ஆரப்பாளையத்திலிருந்து கோரிப்பாளையம் போவோம். ஒரு கையில் பாட்டுப் படம், மறு கையில் பேப்பர் படம் என்று பிடித்து, எது வேண்டும் என்று ஒரே தடவை கேட்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் முப்பது எண்ண வேண்டும். பதில் கண்ணுக்கு வந்து சேர அவளுக்கு அவ்வளவு நேரமாகும்.

எண்ணிக்கையில் நான் ஆறைத் தாண்டியதில்லை. அமைச்சர் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டே இருபது வருடம் நிருபராகக் குப்பை கொட்டியவன். "பாட்டா? பேப்பரா? பேப்பர்தானே? அந்தா, பாத்துட்டா!"

"அண்ணே, இது பிரஸ் மீட் இல்ல," என்றார் பயிற்சியாளர். "பிள்ள யோசிக்கிறதுக்குள்ள நீங்களே பதிலும் சொல்லிர்றீங்க. அடுத்த வாரம் அதுவா கண்ணால சொல்லிருச்சுன்னா எட்டுப் படம் ஒட்டுற பலகைக்குப் போவோம். அதுல 'வலிக்குது'ன்னு ஒரு படம் இருக்கு. இல்லேன்னா பலகை இப்பக்கிக் கெடையாது."

இதுவரை அவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதை நாங்கள் ஊகித்துத்தான் மருந்து கொடுத்து வந்தோம். இருந்தும் அந்த வாரமும் எனக்கு ஆறுதான்.

கோரிப்பாளையம் போவதற்கு முந்தின நாள் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பஞ்சை வைத்து, அரை மணி நேரம் பேசாமல் கடித்துக்கொள்ளச் சொன்னார் பல் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் நான் படங்களைப் பிடித்தேன். மனைவி கேள்வியைக் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பத்து. மகள் மின்விசிறியைப் பார்த்தாள். பதினேழு. என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். இருபத்து மூன்றில் கண்கள் பாட்டுப் படத்தில் போய் நின்றன.

தினமும் காலையில் அவளுக்குப் பேப்பர் வாசிப்பேன். 'செய்தின்னா எம் பொண்ணுக்கு உசுரு' என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். சரிபார்க்காமல் செய்தி போடக் கூடாது என்பதால் படங்களைக் கை மாற்றிப் பிடித்தேன். மனைவி திரும்ப வந்து கேட்டாள். பாட்டு. மறுபடி மாற்றினேன். பாட்டு.

"ஏங்க, ஒரு சந்தா போச்சு," என்றாள் மனைவி. "இந்தப் பல்ல அப்பவே புடுங்கியிருக்கலாம்."

மறுநாள் கோரிப்பாளையத்தில் நான்கு முறை படம் பிடித்தேன்; ஒவ்வொரு முறையும் ஒரே தடவை கேட்டுவிட்டுக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். நான்கு முறையும் மகள் தானாகவே பதில் சொன்னாள். பயிற்சியாளர் அலமாரியிலிருந்து பலகையை எடுத்தார். வலி, பசி, தண்ணீர் எல்லாம் ஒட்டியாயிற்று. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"அதுல பேப்பர்..." என்று ஆரம்பித்தேன்.

"அதையும் பிள்ளகிட்டயே கேப்போம்ணே."

கைக்குட்டையைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டேன்.