நான்கு சுற்று டேப்

டிரான்ஸ்பார்மர் சூடேறும்போது ஒரு வாசனை வரும். தூசியும் மெழுகும் சேர்ந்து கருகப் பார்த்து, கருகாமலே நின்றுவிட்டது போன்ற வாசனை. அது கூடத்தில் பரவினால், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே "கோட்ரஸில்", அதாவது ஊழியர் குடியிருப்பில், எங்கள் வீட்டுப் பாட்டுப்பெட்டி ஓடப்போகிறது என்று பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும். அம்மாவின் தம்பி ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்கு டிரைவராக இருந்தார். அவர்கள் ஊர் திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டுப் பெட்டி அது. அந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது என்பதால் நம் சுவரில் நேரே செருக முடியாது. அதற்காக ஒரு செங்கல் கனத்தில் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் கூடவே வந்தது. மாமா அதையும் பெட்டியையும் எங்கள் வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, "இங்கயே இருக்கட்டும்லா, என் ரூம்ல இடமில்ல" என்று போனவர்தான், திரும்பக் கேட்கவே இல்லை.

அந்தப் பெட்டியில் பாட்டுகள் எல்லாம் நிதானமாகப் பாடும். அதே பாட்டு வானொலியில் வந்தால் ஓடும். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்பா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். "ரேடியோக்காரன் செய்தி வாசிக்கணும், விளம்பரம் போடணும், அவசரத்துல பாட்டை விரட்டுறான். நம்ம பெட்டிதான் மரியாதையா பாடுது." ரயில்வேயில் சிக்னல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த மனிதர் சொன்னால் அதற்குமேல் யார் பேசுவது? நாங்களும் வானொலிக்காரர்களின் அவசர புத்தியைப் பற்றி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டவள் என் அக்கா கலா. அப்போது அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினொன்று. அவளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்த டீச்சர் அடவுகளையெல்லாம் கற்றுக்கொடுத்து முடித்த கையோடு கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டார். அதன்பிறகு அக்காவுக்கு ஓர் இசைத்தட்டுதான் துணை. அதில் இருந்த ஒரு நீளமான பாட்டுக்கு, கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, ஏழெட்டு மாதம் தினமும் ஆடினாள். கிள்ளானில் ஓர் அம்மன் கோயில் திருவிழா மேடையில் அவள் ஆடுவதாக ஏற்பாடாகி, நோட்டீஸில் அவள் பெயரும் வந்துவிட்டது. வாத்தியக்காரர்களை வைக்கப் பணவசதியில்லை. அங்கேயும் அதே இசைத்தட்டைத்தான் போடப்போகிறார்கள்.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் பள்ளித்தோழி சாந்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அண்ணன் புதிதாக ஒரு ஜப்பான் பெட்டி வாங்கியிருந்தான். அவன் போட்டது அக்கா ஆடும் அதே இசைத்தட்டு. பாட்டு தொடங்கியதும் என் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது, அக்காவின் அடவுகள் மனதுக்குள் ஓடின, ஆனால் பாட்டு அவளை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒரு சுற்று சுற்றித் திரும்புவதற்குள் பாடகி அடுத்த வரியில் இருந்தாள். ரேடியோக்காரன் விரட்டுகிறான் சரி, சாந்தியின் அண்ணனுக்கு எந்தச் செய்தியை வாசிக்க வேண்டியிருக்கிறது? கடித்த பிஸ்கட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஐந்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா ஆடமாட்டாள், சொல்லாவிட்டால் மேடையில் பாட்டு முடிந்தபிறகும் தனியாக ஆடிக்கொண்டிருப்பாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்த அப்பாவிடம்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மாவும் அக்காவும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் பார்த்து, அப்பா தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, பெட்டியை ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். நிமிடத்துக்கு முப்பத்துமூன்று முறை சுற்ற வேண்டிய தட்டு இருபத்தெட்டு முறைகூட முழுதாகச் சுற்றவில்லை. மூன்று முறை எண்ணிப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மின்சாரத்தின் துடிப்பு அமெரிக்காவில் நொடிக்கு அறுபது, நம்மிடம் ஐம்பது. அந்த மோட்டார் துடிப்பை நம்பித்தான் சுற்றும். டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தை மாற்றுமே தவிர, துடிப்பைக் கூட்டிக் கொடுக்காது. "தெரிஞ்ச விஷயம்தானே பாப்பா. தினம் இதுலதானே வேலை செய்றேன். எப்படி என் கண்ணுல படாம போச்சு?" என்று என்னைக் கேட்டார். அப்பா என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அதுபோல் வேறொன்று எனக்கு நினைவில்லை.

எங்கள் பெட்டியையே கிள்ளானுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். மைக்செட்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "என் மெஷின்லதான் போடுவேன் அண்ணே. உங்க கல்லு கனத்துல இருக்கிறதை ஸ்டேஜ்ல கொண்டாந்து பியூஸ் போனா, சாமி புறப்பாட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பிறகுதான் அப்பா வேறு வழி யோசித்தார். மோட்டாரின் தண்டு ஒரு ரப்பர் சக்கரத்தை உருட்டுகிறது, அந்தச் சக்கரம் தட்டை உருட்டுகிறது. தண்டைக் கொஞ்சம் தடிமனாக்கினால் தட்டு வேகமாகச் சுற்றும். மின்கம்பியில் சுற்றும் கறுப்பு டேப்பை மெல்லியதாக நறுக்கி நான்கு சுற்றுச் சுற்றினால் கணக்கு சரியாக வந்தது. ஆனால் நான்கையும் ஒரே நாளில் சுற்ற அவர் துணியவில்லை. மூன்று நாளைக்கு ஒரு சுற்று. அக்காவிடம் சொல்லக்கூடாது. "சொன்னா பயந்துடுவா. பயம் காலுக்குப் போயிட்டா அவ்வளவுதான்." பாட்டு மாறுவதற்கு ஒரு சாக்காக, வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி, "பெட்டியை மோடிஃபை பண்ணப்போறேன்" என்று அறிவித்துவிட்டு, கடையிலிருந்து புது ஊசி வாங்கி மாட்டினார், பழைய பலகைப் பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தினார். சத்தம் மாறியது எல்லாருக்கும் கேட்டது. "பாட்டுக்காரம்மாவுக்குச் சளி விட்டுருச்சு போல," என்றாள் அம்மா. ஊசி நல்ல ஊசி என்று அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

முதல் சுற்றுக்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சுற்றில் நடுவில் நின்று தண்ணீர் குடித்தாள். மூன்றாவது சுற்று ஏறிய அன்று ஒரு திருப்பத்தில் தடுமாறி விழுந்தாள். எழுந்து மறுபடி ஆடினாள், மறுபடியும் பிந்தினாள். போன மாதம் கண்ணை மூடிக்கொண்டு ஆடிய இடத்தில் இப்போது மூச்சு வாங்குகிறது என்றால் அவள் என்ன நினைப்பாள்? பெட்டியைச் சந்தேகப்படவில்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். "என் கால் பழையபடி இல்லம்மா. ரொம்ப கனமா இருக்கு. ஏதாச்சும் வியாதியா இருக்குமா?" என்று அவள் கேட்பதையும், அம்மா அவள் கால்களை மடியில் தூக்கிவைத்துத் தைலம் தேய்ப்பதையும் நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஓடிப்போய் அப்பாவிடம், "சொல்லிருங்கப்பா," என்றேன்.

"இன்னும் ஒரு சுத்துதான் பாக்கி. முடிஞ்சதும் நானே சொல்றேன்," என்றார் அவர். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

நான்காவது சுற்றும் ஏறியது, அக்கா விடாமல் ஆடி அந்த வேகத்தையும் பிடித்துவிட்டாள், ஆனால் அப்பா சொல்லவில்லை. திருவிழா அன்று கிள்ளானுக்கு ரயிலில் போனோம். அக்கா வழி முழுக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேடைக்கு எதிரே அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். மைக்செட்காரர் ஊசியை வைக்கக் குனிந்தபோது, அவர் மெஷினும் ஏதோ ஒரு நாட்டு மெஷினாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று திடீரென்று தோன்றியது. அப்பாவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். பாட்டு எழுந்தது. நான்கு சுற்றுப் பாட்டு. அக்கா முதல் அடி வைத்தது முதல் கடைசி அடி வரைக்கும் பாட்டும் அவளும் பிரியவே இல்லை. அவள் காலின் கடைசித் தட்டும் பாட்டின் கடைசி ஒலியும் ஒன்றாக விழுந்தன. கூட்டம் கைதட்டியது. அப்பா மேல்துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அக்கா இறங்கி வந்து அம்மாவின் தோளில் சாய்ந்து, "எப்படியோ முடிச்சிட்டேன். இதோட போதும்மா, என் உடம்புக்கு இனி ஒத்துவராது," என்றாள். மறுநாள் சலங்கையைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மனது மாறிவிடும், அப்போது சொல்லலாம் என்று அப்பா ஒரு மாதம் காத்திருந்தார். அதற்குள் அவளுக்குப் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்தது, பிறகு கல்யாணம். தன் தவறால் மகள் அத்தனை மாதம் தப்பாகப் பழகினாள் என்பதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பயம். அப்பா போய்ச் சேர்ந்தபிறகும் அந்தப் பயம் மட்டும் என்னிடம் இருந்தது.

இன்று அந்தக் கோட்ரஸ் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. எங்கள் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று நின்று யோசித்தாலும் பிடிபடவில்லை. பெட்டியும் டிரான்ஸ்பார்மரும் ஏதோ ஒரு பழைய சாமான் லோரியில் ஏறிப் போயின. நான் சுபாங் ஜெயாவில் இருக்கிறேன், மாதம் ஒருமுறை போர்ட் கிள்ளானுக்கு அக்காவைப் பார்க்கப் போகிறேன். போன தீபாவளிக்கு முன்பு போனபோது, அவள் மருமகள் அலுவலக விருந்தில் ஆடுவதற்காகக் கூடத்தில் பழகிக்கொண்டிருந்தாள். பாட்டு இழுத்து இழுத்துப் பாடியது. "போன்ல ஸ்லோவா வெச்சுப் பழகுறேன் அத்தை. டெய்லி கொஞ்சம் கொஞ்சமா ஸ்பீடு கூட்டிக்கலாம்," என்று அக்காவிடம் விளக்கினாள். அக்கா, "இது நல்லா இருக்கே," என்றாள்.

அவ்வளவுதான், என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். டேப், மூன்று நாள் கணக்கு, புது ஊசி, எல்லாம். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டே, சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள்:

"அப்ப என் காலுக்கு ஒண்ணுமே ஆகலையா, பாப்பா?"